அலெக்சிஸ் சோயர்

அலெக்சிஸ் சோயர் (பெப்ரவரி 4, 1810 - ஆகஸ்ட் 5, 1858) பிரான்சில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த புகழ்பெற்ற சமையற்கலைஞரும் சமையல் நூலாசிரியரும் ஆவார். செல்வந்தர்களின் விருந்துகளால் பெயர் பெற்ற இவர், 1847இல் பஞ்சத்தில் வாடிய அயர்லாந்துக்கும், 1855இல் கிரிமியாப் போர் மருத்துவமனைகளுக்கும் தாமாக முன்வந்து சென்று உணவளிக்கும் பணியில் ஈடுபட்டார்.

இளமையும் தொழிலும்

சோயர் பாரிசுக்கு அருகிலுள்ள மோ என்னும் ஊரில் பிறந்தார். இளம் வயதிலேயே சமையல் தொழில் பயின்ற இவர், 1830ஆம் ஆண்டின் சூலைப் புரட்சியை அடுத்து இங்கிலாந்து சென்றார். 1837இல் இலண்டன் ரிஃபார்ம் கிளப்பின் தலைமைச் சமையற்காரரானார். அவ்வாண்டே ஓவியர் எலிசபெத் எம்மா ஜோன்சை மணந்தார். எம்மா 1842இல் மகப்பேற்றின்போது இறந்தார். விக்டோரியா அரசியின் முடிசூட்டு நாளன்று (சூன் 28, 1838) சோயர் 2,000 பேருக்குக் காலை விருந்து அளித்தார். எரிவாயு அடுப்புகளுடன் இவர் அமைத்த கிளப் சமையலறையைக் காணவே பலர் வந்தனர்.

அயர்லாந்துப் பஞ்சம்

1845 முதல் ஒருவகை நோய் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்தது. ஏழை உழவர்களுக்கு அதுவே அன்றாட உணவாக இருந்ததால், பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். குறைந்த செலவில் சூப் தயாரிக்கும் முறைகளைச் சோயர் செய்தித்தாள்களில் வெளியிட்டார். அரசின் அழைப்பை ஏற்று, கிளப்பில் விடுப்புப் பெற்று டப்ளின் சென்றார்.

ஏப்ரல் 5, 1847 அன்று அங்கு இவர் திறந்த மாதிரிச் சமையற்கூடம், தமிழில் கஞ்சித்தொட்டி எனப்படுவதன் பெரிய வடிவம் எனலாம். மரத்தாலும் கூடாரத் துணியாலும் ஆன அக்கூடத்தின் நடுவே 300 காலன் (சுமார் 1,360 லிட்டர்) கொள்ளும் கொதிகலன் இருந்தது. மணி ஒலித்ததும் 100 பேர் உள்ளே வருவர். மேசைகளில் பதிக்கப்பட்ட கிண்ணங்களில் சூப் இருக்கும். கரண்டிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கும். சில நிமிடங்களில் உண்டு முடித்து, ரொட்டித் துண்டுடன் மறுவாசல் வழியே வெளியேற, அடுத்த 100 பேர் வருவர். நாளொன்றுக்குச் சராசரியாக 8,750 பேருக்கு உணவு வழங்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. சோயர் சில வாரங்களில் இலண்டன் திரும்பினாலும் கூடம் கோடைக்காலம் முழுவதும் இயங்கியது.

விமர்சனங்கள்

இவரது மலிவு சூப்புகளுள் ஒன்றில் 2 காலன் (சுமார் 9 லிட்டர்) நீருக்குக் கால் பவுண்டு (சுமார் 113 கிராம்) மாட்டிறைச்சியே சேர்க்கப்பட்டது. எஞ்சியவை மாவு, பார்லி, வெங்காயம், கொழுப்பு முதலியன. இது வயிற்றை நிரப்புமே தவிர உடலைக் காக்காது என மருத்துவர்கள் கண்டித்தனர். சுவையே சத்துக்கு அடையாளம் என்று சோயர் கருதியது தவறு என்பதை இன்றைய ஊட்டச்சத்து அறிவும் காட்டுகிறது. திறப்பு நாளில் செல்வந்தர்கள் ஐந்து சில்லிங் கட்டணம் செலுத்தி ஏழைகள் உண்பதை வேடிக்கை பார்த்தது இன்னும் கடுமையான வெறுப்பைத் தேடித்தந்தது. எனினும், பெருந்திரளுக்கு விரைவாகச் சமைத்துப் பரிமாற இயலும் என்பதை இக்கூடம் மெய்ப்பித்தது. அதே ஆண்டு சூலையில் அரசின் சூப் வழங்கும் திட்டத்தில் நாள்தோறும் சுமார் 30 இலட்சம் பேர் உண்டனர். அறுவடைக் காலத்தில் அரசு அத்திட்டத்தை நிறுத்தியது, பஞ்சமோ நிற்கவில்லை.

கிரிமியாப் போர்

1850இல் கிளப்பிலிருந்து விலகிய சோயர், 1851இல் இலண்டனில் நடத்திய உணவகத்தில் பெரும் பொருளை இழந்தார். 1855இல் தம் சொந்தச் செலவில் படைவீரர்களுக்கு உணவளிக்க முன்வந்து, துருக்கியின் இசுகுத்தாரி மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு ஒவ்வொரு குழுவின் இறைச்சியும் இறுகக் கட்டப்பட்டு ஒரே கொப்பரையில் வேகவைக்கப்பட்டது. உட்புறம் வேகாமலே இருக்க, சத்துள்ள சாறு கீழே கொட்டப்பட்டது. கட்டுகளைத் தளர்த்தச் செய்து, சாற்றைச் சூப்பாக்கி, வீரர்களுக்கே சமையற்பயிற்சி அளித்தார். புளோரன்ஸ் நைட்டிங்கேலுடன் இணைந்து பணியாற்றினார். டப்ளினில் எழுந்த குறைகூறல்கள் இங்கு எழவில்லை. குறைந்த விறகில் எரியும் இவரது போர்க்கள அடுப்பு பிரித்தானியப் படையில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பயன்பட்டது.

இறுதிக்காலம்

கிரிமியாவில் கண்ட காய்ச்சலால் சோயரின் உடல்நலம் குன்றியது. அங்கு பெற்ற அனுபவங்களை 1857இல் நூலாக வெளியிட்டார். மறு ஆண்டு தமது 48ஆம் வயதில் இலண்டனில் காலமானார். அவரது உடல் கென்சல் கிரீன் கல்லறையில், மனைவிக்காக அவர் எழுப்பியிருந்த நினைவுச்சின்னத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டது.