சேர் பொன்னம்பலம் இராமநாதன்

கொழும்பு கொச்சிக்கடைச் சிவன் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதைப் பெரியவர்கள் நாம் அறிவோம். டூங்கபியில் வளரும் நம் பிள்ளைகளுக்கோ அதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1851ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் திகதி கொழும்பில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின் நாடு திரும்பிச் சட்டத்தரணியானார். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி 1879இல் காலமானதும் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியானார். 1892 முதல் 1906 வரை சொலிசிட்டர் ஜெனரலாகப் பணிபுரிந்தார். 1911இல் படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஒரே ஆசனத்துக்குப் போட்டியிட்டு, சிங்கள வேட்பாளரான வைத்தியர் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்றார்.

1915இல் சிங்கள முஸ்லிம் கலவரம் மூண்டது. ஆங்கில அரசு இராணுவச் சட்டம் பிறப்பித்துச் சிங்களத் தலைவர்களைச் சிறையிலிட்டது. இராமநாதன் அவர்களுக்காகச் சபையில் வாதாடினார். முதலாம் உலகப்போர் நடந்த வேளையில், நீர்மூழ்கிகளின் அபாயத்தையும் பொருட்படுத்தாது இலண்டனுக்குக் கப்பலேறி நீதி கேட்டார். திரும்பி வந்தபோது சிங்கள மக்கள் அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். அன்று சிறையிலிருந்தவர்களுள் ஒருவரான டி.எஸ். சேனநாயக்கா 1947இல் முதற் பிரதமரானார். அதன்பின் தமிழருக்கு நேர்ந்ததை, அகதிகளாய் இங்கு வந்த நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சைவப் பெண்பிள்ளைகளுக்காக அவர் 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார். அப்பணியில் துணைநின்ற அவர் மனைவி லீலாவதி அம்மையார் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்தவர் என்பதை இங்குள்ள பிள்ளைகள் அறிந்தால் மகிழ்வர். 1921இல் திருநெல்வேலியில் அவர் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலேதான் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இயங்குகிறது.

வரவோடு செலவையும் எழுதினால்தான் கணக்கு நேராகும். 1915இல் சிங்களவர் பக்கம் நின்று அவர் பேசியது, உடைமைகளை இழந்து நின்ற முஸ்லிம்களின் மனத்தைப் புண்படுத்தியது. பெண்களுக்குக் கல்லூரி கட்டியவரே, டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாமென்றார். சர்வசன வாக்குரிமையையும் எதிர்த்தார். 1930 நவம்பர் 26ஆம் திகதி அவர் காலமானார். மறு ஆண்டே நம் பாட்டிமார் வாக்களிக்கும் உரிமையோடு தேர்தல் நடந்தது.

பிற இனத்தவருக்காகத் துணிந்து பேசிய ஒருவர், தம் வீட்டுப் பெண்களின் உரிமைக்கு ஏன் பேசவில்லை என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். கேட்கட்டும். அவரது பெருமையைச் சொல்லும்போது இக்கேள்விக்கும் இடம் கொடுப்போம்.