சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (திசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணித மேதை. எண் கோட்பாடு, முடிவிலாத் தொடர்கள், தொடரும் பின்னங்கள் ஆகிய துறைகளில் பெரும்பங்கு ஆற்றியவர். 1729 என்னும் எண்ணுடன் இவர் பெயர் இணைத்துப் பேசப்படுகின்றது. இவரது ஆய்வில் அதற்கு இணையாகக் குறிப்பிடத்தக்க மற்றோர் எண் 67,46,32,83,88,800 ஆகும்.

பிறப்பும் கல்வியும்

இராமானுசன் ஈரோட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் துணிக்கடை ஒன்றில் கணக்கராகப் பணியாற்றினார். தாயார் கோமளத்தம்மாள். தாய்வழிப் பாட்டனார் நீதிமன்றப் பணியில் இருந்த காஞ்சிபுரத்தில் சிறுவயதில் சில காலம் வாழ்ந்து, அங்கும் பள்ளி சென்றார். பின்னர் கும்பகோணத்தில் கல்வி தொடர்ந்தது. 1904இல் கல்லூரியில் சேர்ந்த இவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் நாட்டமின்றி உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்ச்சி பெறவில்லை. 1909இல் சானகியை மணந்தார். 1912இல் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானார். 1913இல் கேம்பிரிட்ச் பேராசிரியர் ஆர்டிக்கு எழுதிய கடிதத்தின் பயனாக, 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

உயர் பகு எண்கள்

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான வகுஎண்களைக் கொண்ட எண் உயர் பகு எண் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12க்கு 6 வகுஎண்கள் உள்ளன. அதனினும் சிறிய எவ்வெண்ணுக்கும் நான்குக்கு மேல் இல்லை. 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளியான நீண்ட கட்டுரையில் இவ்வகை எண்கள் 102ஐ இராமானுசன் பட்டியலிட்டார். அதன் இறுதி எண்ணே மேற்கூறிய 13 இலக்க எண். அதன் காரணிகள் வருமாறு:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

ஒவ்வோர் அடுக்குடனும் 1ஐக் கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. பகா எண்கள் இடைவிடாது வருவதும், அடுக்குகள் ஒருபோதும் ஏறாமல் செல்வதும் உயர் பகு எண்களின் பொதுப் பண்புகள். 4, 36 ஆகிய இரண்டைத் தவிர, மற்றவற்றில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 மட்டுமே என்பதையும் இவர் நிறுவினார்.

கணிப்பொறி இல்லாத காலத்தில் உருவான அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுள்ளது. அது 2,93,31,86,25,600, இதற்கு 5,040 வகுஎண்கள் உள்ளன. மேலே காட்டிய பெருக்கத்திலிருந்து 23ஐ நீக்கினால் கிடைப்பது இவ்வெண்ணே.

கழகத்தின் பொருள் நெருக்கடியால் கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சேறவில்லை. நிக்கோலா, ரோபன் என்னும் பிரெஞ்சுக் கணிதவியலாளர்களின் குறிப்புகளுடன் அது 1997இல் வெளிவந்தது.

சிறப்புகளும் மறைவும்

தேர்வுகளில் தவறி, பட்டமின்றிக் கல்லூரியை விட்ட இராமானுசனுக்கு, உயர் பகு எண்கள் பற்றிய இவ்வாய்வுக்காகவே 1916இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது. 1918இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும், திரித்துவக் கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1917 முதல் நோயுற்றிருந்த இவர், 1919இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் தமது 32ஆம் அகவையில் காலமானார். மனைவி சானகியம்மாள் 1994 வரை வாழ்ந்தார். இராமானுசனின் பிறந்த நாள் 2012 முதல் இந்தியாவில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகின்றது.