அருணாசலனாரின் அரசாங்க உத்தியோகம்

களனியாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்திற்குத் தெற்கே, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே, ஸ்ரீ பொன்னம்பலவாணேசர் ஆலயம் விளங்குகின்றது. அதனை முதலில் எடுப்பித்தவர் பொன்னம்பல முதலியார். பின்னர்க் கருங்கல்லாற் புதுக்கியவர் அவர் புதல்வர் இராமநாதன் துரை. இவ்வளவும் நம் மாணாக்கர் அறிவர். இளைய புதல்வராகிய அருணாசலம் முப்பத்தெட்டாண்டு பார்த்த உத்தியோகத்தை அறிந்தோர் சிலரே.

1853ஆம் ஆண்டு பிறந்த இவர், பின்னாளில் றோயல் கல்லூரியென வழங்கிய கொழும்பு அக்கடமியிற் பயின்று, கேம்பிறிட்சிலே கிறைஸ்ற் கல்லூரியிற் கற்றுத் தேறினார். நாட்டம் சட்டத்தொழிலிலேயே இருந்தது. எனினும் தாய்மாமன் சேர். முத்துக்குமாரசுவாமியின் சொல்லைத் தட்டாது சிவில் சேவைப் பரீட்சைக்குத் தோற்றினார். போட்டிப் பரீட்சை வாயிலாக 1875இல் அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் இவரே.

புகுந்தது பெரிது, ஏறியது எளிதன்று. மாகாணத்தை ஆளும் ஏசண்டர் பதவிகளை ஆங்கிலேயர் தமக்கென வைத்துக்கொண்டு, நம்மவர்க்குப் பெரும்பாலும் நீதித்தலங்களையே விடுத்தனர். அருணாசலமும் ஊர்தோறும் நீதிபதியாக மாறி மாறிச் சென்றார். 1887இல் தேசாதிபதி சேர். ஆதர் கோடன், மூத்தோர் பலர் இருக்கவும், இவரையே பதிவுத் திணைக்களத்தின் தலைமைக்கு உயர்த்தினார்.

பதிவு என்றவுடன் தூசி படிந்த ஏடுகளே நம் நினைவுக்கு வரும். ஆயின் ஏழைக்கு உள்ள காவல் அவ்வேடுகளே. காணி உறுதி ஒழுங்காகப் பதியப்படாவிடின், ஒரே வளவை இருவர்க்கு விற்கும் வஞ்சகனுக்கு வழி திறந்துவிடும். கைம்பெண்ணும் சிறுபிள்ளைகளும் தெருவில் நிற்பர். அருணாசலம் அத்திணைக்களத்தைச் சீர்திருத்தி, வேண்டிய பதிவைத் தாமதமின்றித் தேடியெடுத்தற்கு ஏற்ற அட்டவணைகளை அமைப்பித்தார். இத்தகைய வேலைக்கு மாலை மரியாதை கிடைப்பதில்லை. நாம் இதனையே அவருடைய பணிகளுள் முதன்மையானதாக மதிக்கின்றோம்.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பும் அவர் கையிலேயே விடப்பட்டது. அவ்வாண்டில் இலங்கையிலிருந்தோர் 35 இலட்சத்து 65 ஆயிரத்திற்குச் சற்று மேற்பட்டவர். எண்ணிக்கையோடு நில்லாது, இந்நாட்டு மக்களின் சரித்திரம், சாதி, சமயம் ஆகியவற்றையும் ஆராய்ந்து அவ்வறிக்கையில் எழுதினார். மிசன் கல்லூரியிற் படித்த நாம் இளமையில் தேசாதிபதிகளின் பெயரை வரிசையாக ஒப்புவித்தோம். இவ்வறிக்கையின் பெயரைக் கேட்டதேயில்லை. முப்பது வயதுக்குப் பின்னரே அறிந்து வெட்கினோம்.

ஆங்கிலத்தில் இத்துணை வல்லவராகியும் தமிழை அவர் கைவிட்டாரல்லர். சைவத் திருமுறைகளிலிருந்து சில பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906இல் கிளர்ச்சி தொடங்கியபோது, தாய்மொழிகளைப் புறக்கணித்த கல்வியின் கேட்டையும் எடுத்துக்காட்டினார். உத்தியோகத்திலிருந்துகொண்டே இதனைச் செய்தார் என்பது கருதத்தக்கது.

1913இல் ஓய்வுபெற்றார். இளைப்பாறினார் என்று சொல்ல நா எழவில்லை. தோட்டத் தொழிலாளர்க்காக உழைத்தார். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். தமிழர்க்குரிய பிரதிநிதித்துவத்தைப் பற்றிய வாக்குறுதி பிழைத்ததெனக் கண்டு அதனை விட்டு நீங்கினார். பின்னர்த் தலயாத்திரையாகத் தென்னாடு சென்றவர், 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆந் தேதி மதுரையிலே சிவபதமெய்தினார்.