திங்கட்கிழமை கெட்டியான உலோகம்

நான் மெட்டலர்ஜி பேப்பரில் இரண்டு தடவை அரியர் வைத்தவன். இதை மறைப்பானேன்? மூன்றாவது தடவை படிக்க உட்கார்ந்தபோதுதான் ஆல்ஃபிரட் வில்ம் என்ற மனிதரைப் புத்தகத்தில் சந்தித்தேன்.

1869-ல் சைலீசியாவில் பிறந்தவர். பெர்லினுக்கு அருகே நொய்பாபெல்ஸ்பெர்க் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. தோட்டா உறைக்குப் பித்தளைக்குப் பதிலாக அலுமினியம் உதவுமா என்று பார்க்கச் சொன்னார்கள். அலுமினியமோ மென்மையானது. எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் உடனே விறைத்துக்கொள்ளும். அதே வித்தையை இதிலும் செய்து பார்த்தார்.

1906-ல், சுமார் 4 சதவீதம் செம்பும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தை 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் குளிர்வித்தார். சனிக்கிழமை அளந்தபோது கடினத்தன்மை சுமார்தான். திங்கட்கிழமை அளந்தால் எகிறி நிற்கிறது! மெஷின் கோளாறோ என்று மறுபடி மறுபடி அளந்தார்களாம். கோளாறே இல்லை. சும்மா கிடந்த நேரத்தில்தான் அது பலமேறியிருந்தது. அந்த டியூராலுமின்தான் பின்னாளில் ஜெப்பலின் ஆகாயக் கப்பலுக்கு எலும்புக்கூடு ஆனது.

ஏன் பலமேறுகிறது என்பது மட்டும் வில்முக்குப் பிடிபடவில்லை. மைக்ராஸ்கோப்பில் ஒன்றுமே தெரியவில்லை. 1919-ல் ஆராய்ச்சியை விட்டு விவசாயத்துக்குப் போய்விட்டார். அதே வருஷம் அமெரிக்காவில் மெரிக்காவும் அவர் சகாக்களும், உள்ளே நுண்துகள்கள் பிரிந்து படிவதே காரணம் என்று விளக்கினார்கள். 1937-ல் வில்ம் மறைந்தார். 1938-ல் கினியேவும் பிரெஸ்டனும் செம்பு அணுக்கள் கூடி நிற்பதை எக்ஸ்ரேயில் கண்டுபிடித்தார்கள். ஒரு வருஷம் பிந்திவிட்டதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

இன்று பவுடரை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிடும் இன்கோனல் 718 நிக்கல் பாகத்துக்கும் இதே தத்துவம்தான். அச்சில் வந்தபடியே விட்டால் நியோபியம் அங்கங்கே திரண்டு நிற்கும். பலத்துக்கும் கேடு, அரிப்பைத் தாங்கும் திறனுக்கும் கேடு. அதனால் 1000 டிகிரிக்கு மேல் வைத்து அதைக் கரைத்துப் பரவ விடுகிறார்கள். குளிர்வித்தபின் 720 டிகிரியில் 8 மணி நேரம், 620 டிகிரியில் 8 மணி நேரம் ஏஜிங். அப்போதுதான் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பிறந்து உலோகம் கெட்டிப்படும்.

அரியர் வைத்த நண்பா, ரிசல்ட் வந்த அன்றைக்கு நம்மை அளந்தது சனிக்கிழமைக் கணக்கு! அதற்காகச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆகாது. முதலில் உலைக்குள் இறங்கிச் சூடேற வேண்டும், பிறகுதான் காத்திருப்பு. மூன்றாவது தடவை நான் பாஸ். வில்ம் ஐயாவுக்கு என் வணக்கம்!