மூளையை வரைந்த மருத்துவர்

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் உள்ள ஒரு சிற்றூரில், சிறுவன் ஒருவன் கையில் கிடைத்த தாளில் எல்லாம் படம் வரைந்துகொண்டிருந்தான். தாள் கிடைக்காதபோது சுவர்களில் வரைந்தான். மருத்துவரான அவனுடைய தந்தைக்கு இது பிடிக்கவில்லை. ஓவியம் சோறு போடாது என்பது அவர் எண்ணம். தம் மகனும் மருத்துவராக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் நவீன நரம்பியலின் தந்தை எனப் போற்றப்பட்ட சந்தியாகோ ரமோன் இ கஹால்.

கஹால் 1852ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் பிறந்தார். சிறுவயதில் அவருடைய குறும்புக்கு அளவே இல்லை. ஒருமுறை தாமே செய்த பீரங்கியால் அண்டை வீட்டாரின் கதவைத் தகர்த்து, சில நாள் சிறையிலும் இருந்தார். பள்ளிப் பாடங்களில் அவருக்கு நாட்டம் இல்லை. எனவே, தந்தை அவரை முடிதிருத்துபவரிடமும் காலணி தைப்பவரிடமும் வேலை பழக அனுப்பினார். ஆனால், கஹாலை மாற்றியது தண்டனை அன்று. 1868ஆம் ஆண்டுக் கோடையில், தந்தை அவரை ஓர் இடுகாட்டிற்கு அழைத்துச் சென்றார். அங்குக் கிடைத்த எலும்புகளைக் கொண்டு மனித உடலின் அமைப்பைக் கற்பித்தார். எலும்புகளை வரைய வரைய, கஹாலுக்கு மருத்துவத்தில் ஆர்வம் பிறந்தது.

1873ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்ற கஹால், இராணுவ மருத்துவராகக் கியூபாவிற்குச் சென்றார். அங்கே மலேரியாக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டு, நலிந்த உடலுடன் நாடு திரும்பினார். சேமித்து வைத்திருந்த ஊதியத்தைக் கொண்டு ஒரு நுண்ணோக்கி வாங்கினார். அதுவே அவருடைய வாழ்நாள் துணையாயிற்று.

அக்காலத்தில் மூளை ஒரு பெரும் புதிராகவே இருந்தது. நரம்பிழைகள் அனைத்தும் இடைவெளியின்றி ஒன்றோடொன்று இணைந்து, ஒரே வலையாக அமைந்துள்ளன என்று அறிஞர் பலர் நம்பினர். இழைகள் மிகவும் நெருக்கமாகப் பின்னிக் கிடந்ததால், உண்மையைக் காண்பது கடினமாக இருந்தது. இத்தாலிய அறிஞர் கமில்லோ கோல்கி, வெள்ளி நைட்ரேட்டைப் பயன்படுத்தி ஒரு புதிய முறையை 1873ஆம் ஆண்டு கண்டுபிடித்தார். அம்முறையில், ஒருசில நரம்பணுக்கள் மட்டும் முழுமையாகக் கறுத்துத் தெரிந்தன. ஆயினும், அது எப்போதும் பலன் தராததால் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை.

1887ஆம் ஆண்டு மட்ரிட் நகரில் அம்முறையின் விளைவைக் கண்ட கஹால் வியந்துபோனார். ஒருமுறைக்கு இருமுறை சாயமேற்றி, அம்முறையை அவர் செம்மைப்படுத்தினார். அடர்ந்த காட்டில் ஒரு மரத்தைத் தனியே காண்பதைவிட, நாற்றங்காலில் ஒரு கன்றைக் காண்பது எளிது என்று அவர் கருதினார். அதனால், முழுமையாக வளராத பறவைக் கருக்களின் மூளையை ஆராய்ந்தார். கண்டவற்றைப் பொறுமையுடன் வரைந்தார். ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனியானது என்பது அவருக்குப் புலப்பட்டது. ஓர் அணுவின் நுனி அடுத்ததை நெருங்கியதே தவிர, அதனோடு கலக்கவில்லை. நரம்பணுவின் கிளைகளில் முள் போன்ற நுண்ணிய மொட்டுகள் இருப்பதையும் அவர் கண்டார். அவை சாயத்தால் ஏற்பட்ட பிழை என்று பிறர் ஒதுக்கினர்.

1888ஆம் ஆண்டு, கஹால் தம் சொந்தச் செலவில் ஓர் ஆய்விதழை அச்சிட்டார். 60 படிகளே அச்சாயின. அவற்றை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ஸ்பானிய மொழியில் இருந்ததால், அதை வாசித்தோர் மிகச் சிலரே. கஹால் மனம் தளரவில்லை. மறுஆண்டு, தம் சேமிப்பைச் செலவிட்டு, நுண்ணோக்கியோடும் கண்ணாடித் தகடுகளோடும் பெர்லின் மாநாட்டிற்குச் சென்றார். அங்கு, புகழ்பெற்ற அறிஞர் ஆல்பர்ட் கொலிக்கர் அவருடைய நுண்ணோக்கி வழியே பார்த்தார். கண்ணால் கண்டதை அவரால் மறுக்க முடியவில்லை. அன்று முதல் உலகம் கஹாலைக் கவனிக்கத் தொடங்கியது.

நரம்பணுக்கள் சந்திக்கும் இடம் பின்னர்ச் 'சினாப்ஸ்' எனப் பெயர் பெற்றது. மனப்பயிற்சியால் நரம்பணுக்களின் தொடர்புகள் பெருகக்கூடும் என்று கஹால் 1894ஆம் ஆண்டு இலண்டனில் எடுத்துரைத்தார். அப்போது அது ஒரு கருத்து மட்டுமே. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை இன்றைய அறிவியல் விளக்குகிறது. சினாப்ஸை ஒரு சமிக்ஞை வலுவாகத் தாண்டும்போது, அடுத்த அணுவின் மொட்டுக்குள் கால்சியம் நுழைகிறது. அது அங்குள்ள நொதிகளைத் தூண்டி, அந்த இணைப்பை வலுவாக்குகிறது. பயிற்சி தொடர்ந்தால், செய்தி அணுவின் உட்கருவரை சென்று மரபணுக்களை இயக்குகிறது. புதிய புரதங்கள் உருவாகி, இணைப்பு நிலைக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதுபோல, மீண்டும் மீண்டும் செய்யும் பயிற்சி மூளையின் அமைப்பையே மாற்றுகிறது. பிழை என்று அன்று ஒதுக்கப்பட்ட மொட்டுகளில்தான் இம்மாற்றம் பெரிதும் நிகழ்கிறது.

1906ஆம் ஆண்டு கஹாலும் கோல்கியும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அந்த மேடையிலும் கோல்கி வலைக் கொள்கையையே ஆதரித்துப் பேசினார். கஹால் 1934ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் மட்ரிட் நகரில் காலமானார். 1950களில், மின்னணு நுண்ணோக்கி நரம்பணுக்களுக்கு இடையே உள்ள இடைவெளியைத் தெளிவாகக் காட்டியது. கஹால் கூறியது உண்மை என உறுதியாயிற்று. ஆனால், அதைக் காண அவர் உயிருடன் இல்லை.

சோறு போடாது என்று தந்தை எண்ணிய கலையே, கஹாலின் கண்டுபிடிப்புக்குத் துணை நின்றது. அவர் வரைந்த படங்களும் குறிப்புகளும் அடங்கிய தொகுப்பை யுனெஸ்கோ 2017ஆம் ஆண்டு 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது. அவர் கையால் வரைந்த நரம்பணுக்களை இன்றும் மருத்துவ மாணவர்கள் பார்த்துப் பயில்கின்றனர்.