எழுத்தறிவித்த மாமுனிவர்

வானம் பார்த்த நம் கரிசல் பூமியில் மழை பொய்த்த ஆண்டுகள் பல. அந்த ஆண்டுகளிலும் பிள்ளையின் கையில் பலகையும் குச்சியும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர் நம்மிடையே இருந்தார்கள். அப்பலகையில் எழுதிய எழுத்திலேயே ஒரு குருவானவரின் உழைப்பு கலந்திருக்கிறது. விழாக் காணும் இவ்வேளையில் அவரை நினைவுகூர்வது நம் கடமை. அவரே வீரமாமுனிவர்.

இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தவர் அவர். இயற்பெயர் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. 1698-ல் சேசு சபையில் சேர்ந்தார். 1710-ல் கோவாவில் வந்திறங்கி, மறு ஆண்டு மதுரை மிஷனை அடைந்தார். தொடக்கக் காலத்தில் அவர் பணியாற்றிய ஊர்களுள் ஒன்று, கோவில்பட்டிக்கு அருகே பரலோக மாதா கோவில் கொண்டுள்ள காமநாயக்கன்பட்டி. ஆக, நாம் மிதிக்கும் இதே கரிசல் மண்ணை அவரும் மிதித்தவர்.

முப்பது வயதில் அவர் தமிழுக்கு மாணாக்கரானார். சுப்ரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார் என்பது மரபு. கற்பிக்க வந்தவர் முதலில் கற்க அமர்ந்தார் என்பதே அவர் வாழ்வில் நாம் போற்ற வேண்டிய முதற்பண்பு. தைரியநாதர் என்று பெயர் பூண்டவரைப் பின்னாளில் தமிழ் மக்கள் வீரமாமுனிவர் என்று அழைத்தனர்.

அக்காலத்தில் எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி இடுவதே இலக்கண விதி. ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலரும் அதை விட்டுவிடுவர். எனவே கொடியும் கோடியும் ஒரே வடிவில் நிற்கும். கற்றவர் இடம் நோக்கி அறிவர், புதிதாய்ப் படிப்பவர் தடுமாறுவர். முனிவர் ஏகாரத்துக்குக் காலும், ஓகாரத்துக்குச் சுழியும், உயிர்மெய் நெடிலுக்கு இரட்டைக் கொம்பும் தந்தார். நம் பள்ளியின் முதல் வகுப்புப் பிள்ளை இன்று தடுமாறாமல் படிப்பதற்கு அது பேருதவி.

1726-ல் புனித சூசையப்பரைப் பாடும் தேம்பாவணியை 3615 பாடல்களில் முடித்தார். 1730-ல் தொன்னூல் விளக்கமும், 1732-ல் சதுரகராதியும் தந்தார். புலவருக்கு எழுதிய கை எளியவரையும் மறக்கவில்லை. 1727-ல் உபதேசியார்களுக்காக வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். சிற்றூர்களில் உபதேசியாரே வாத்தியாராகவும் விளங்கிய காலத்தை நம் பெரியோர் அறிவர். சிறுவர் சிரித்து மகிழும் பரமார்த்த குரு கதையும் அவர் தந்ததே. அது 1822-ல் லண்டனில் அச்சேறியது.

1747-ல் கேரளத்து அம்பழக்காட்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

சிலையினும் பெரிய நினைவுச் சின்னம் நம் சிற்றூர்ப் பள்ளியே. இன்று நம் புதியம்புத்தூரில் பகலெல்லாம் தையல் எந்திரத்தில் அமர்ந்து ஆயத்த ஆடை தைக்கும் தாய்மார் பலர். தம் பிள்ளை கற்க வேண்டும் என்பதே அவர்கள் ஏக்கம். ஆயினும் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள். பிள்ளைகள் இல்லையேல் பள்ளி இல்லை. கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்திலே இருக்கும் இப்பள்ளியே வாசல். அவ்வாசல் அடைபடாமல் காப்பது குருவானவர் ஒருவரின் வேலை அன்று. பங்கு மக்கள் அனைவரின் பொறுப்பு.

கடல் கடந்து வந்து நம் எழுத்தைத் திருத்திய மாமுனிவருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே. அதற்கான மனத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.