தந்தை இட்ட வித்து: ராதாபாய் சுப்பராயன்

1965 வரை தருமபுரியைத் தன்னுள் அடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தின் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்திற்கு, மங்களூரிலிருந்து மருமகளாய் வந்தவர் ராதாபாய் (1891-1960).

அவர்தம் தந்தை குத்முல் ரங்கராவ், தாழ்த்தப்பட்டோர் கல்விக்கும் வாழ்வுக்கும் 1897இல் மங்களூரில் அமைப்பொன்று கண்டவர். அதன்பொருட்டுச் சொந்தச் சாதியாரால் விலக்கப்பட்டவர். தாழ்த்தப்பட்டோர் வீட்டுக் குழந்தையொன்று கற்று உயர்ந்து ஊர்தியில் செல்ல, அதன் புழுதி தம் தலைமேல் படிய வேண்டும் என்பதே அப்பெருமகனாரின் வேட்கை.

அத்தந்தையின் நிழலில் வளர்ந்த மகள், சாதி கடந்து டாக்டர் சுப்பராயனை மணந்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராய் இருந்த கணவரோ, 1932இல் சட்டமன்றத்தில் ஆலய நுழைவுக்காக வாதாடினார்.

1930இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்த இந்தியப் பெண்கள் இருவரே. ஒருவர் பேகம் ஷாநவாஸ், மற்றவர் ராதாபாய். சட்டமன்றங்களில் பெண்களுக்குச் சில காலமேனும் இடம் ஒதுக்க வேண்டுமென அவர் கோரினார். சலுகை வேண்டா, சமத்துவமே போதும் என்று பெரும் மாதர் சங்கங்களே எதிர்த்தன. அவர் தளரவில்லை. அடைத்த கதவின்முன் நிற்போரிடம் சமத்துவம் பேசிப் பயனில்லை. கதவை முதலில் திறக்க வேண்டும். தந்தையின் தொண்டு உணர்த்திய உண்மையும் அதுவே அன்றோ!

1935ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்குத் தனியிடங்கள் வழங்கிற்று. 1938இல் தில்லி மாநிலங்கள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதற்பெண்மணி என்னும் சிறப்பு ராதாபாயைச் சேர்ந்தது.

1957இல் மகள் பார்வதி கிருஷ்ணன் கோவையிலிருந்து மக்களவைக்கு வென்றார். தாய் காங்கிரசு, மகள் பொதுவுடைமைக் கட்சி. கொடிகள் வேறாயினும் வித்து ஒன்றே.